அழுக்கு விலை

மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டின் பூட்டைத் திறந்துவிட்ட தரகர், மறு நொடியே மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடிவந்துவிட்டார். அம்மா மூக்கைப் பொத்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தாள். குடியிருந்தவர்கள் காலிசெய்துவிட்டுப் போன வீடுகளைக் கழுவிக் கொடுப்பதுதான் அவள் தொழில். யார் யாரோ விட்டுப்போன முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பார்த்த கண். இந்த வீட்டையும் அந்தக் கண்ணாலேயே பார்த்தாள்.

"அடுப்படி ஊறணும். ஊற வச்சுத் தேய்ச்சா வந்துரும்" என்றாள்.

"அம்மா, நாம வீடு வாங்க வந்திருக்கோம். வேலைக்கு வரல" என்றாள் மகள்.

"வாங்கினா தேய்க்காமலா இருக்கப் போற?"

மகளுக்கு வீட்டில் பேர் ஆபீஸர். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், இடிபட்ட வண்டிகளின் படங்களைப் பார்த்து எவ்வளவு சேதம் என்று கணினியில் ஏற்றுகிற குமாஸ்தா வேலைதான். ஆனால் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். கழுத்தில் அட்டை தொங்க வேலைக்குப் போகிற முதல் ஆளும் அவள்தான். அந்த அட்டையைப் பார்த்து அப்பா வைத்த பேர் அது. கிண்டலுக்கு வைத்தாரா, பெருமைக்கு வைத்தாரா என்று அவருக்கே தெரியாது.

அப்பா பெயிண்டர். வீட்டுக்குள் வந்ததும் அவர் சுவரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனார். பாளம் பாளமாக உதிர்ந்திருந்த காரைக்கு அடியில் உப்பு பூத்திருந்தது. குளியலறை ஜன்னலின் கண்ணாடி உடைந்து, அந்த வழியாகப் புறாக்கள் வந்து குடித்தனம் நடத்தியிருந்தன. எச்சம் தரையில் சிமெண்டைப் போல இறுகிக் கிடந்தது. அடுப்படிச் சுவரில் விரலை வைத்தால் விரல் ஒட்டிக்கொண்டது.

"இதாலதான் இந்த விலை" என்று தரகர் படிக்கட்டில் நின்றபடியே குரல் கொடுத்தார். "இல்லைன்னா இந்த ஏரியாவுல, அண்ணே, இந்த விலைக்கு ஒரு பாத்ரூம்கூட வராது. பாக்க வந்தவன் எல்லாம் வாசலோட வாந்தி எடுத்துட்டுப் போயிட்டான்."

"நீங்க ஏன் உள்ள வர மாட்டேங்குறீங்க?" என்றாள் ஆபீஸர்.

"எனக்கு ஆஸ்துமாம்மா."

அம்மா எல்லா ஜன்னலையும் தள்ளித் திறந்தாள். கடைசி ஜன்னல் திறந்ததும் எங்கிருந்தோ காற்று வந்து மூன்று பேர் தலைமுடியையும் கலைத்தது. இப்போது இருக்கிற வீட்டில், பேக்கரிக்குப் பின்னால் உள்ள அந்த ஒற்றை அறையில், காற்று என்பது ரொட்டி அடுப்பிலிருந்து வருகிற அனல்தான். அதையும் அடுத்த மாதத்துக்குள் காலிசெய்யச் சொல்லியாயிற்று. வீட்டுக்காரரின் தம்பி ஊரிலிருந்து வருகிறானாம். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் எங்கோ ஒரு தம்பி இருக்கிறான், சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறான்.

"இதுதான்" என்றாள் அம்மா.

எது 'இதுதான்', எதனால் 'இதுதான்' என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். நோயாளியின் வாய்க்குள் பஞ்சைத் திணித்துவிட்டு முன்னறைக்கு வந்து பேசினார். முகமூடியை இறக்கியபோது நல்ல சிரிப்பு இருந்தது.

"எனக்கு அந்த வீட்ட நெனச்சாலே தலைவலி. நீங்க எடுத்துக்கிட்டா சந்தோஷம். லோன் வரட்டும், மத்தத அப்புறம் பேசிக்கலாம். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், உங்களுக்குத்தான்."

"அட்வான்ஸ் ஏதாவது…" என்று ஆபீஸர் இழுத்தாள்.

"எதுக்கும்மா அவசரம்? அத வேற வாங்கி வச்சுக்கிட்டு, லோன் கெடைக்கலன்னா திருப்பித் தர்ற தொல்லை."

நியாயமாகத்தான் பட்டது. தெருவில் இறங்கிய பிறகுதான் அவளுக்கு அரித்தது.

"அப்பா, ஒரு பேப்பர்ல எழுதி வாங்கியிருக்கலாம்ல?"

"அந்த மனுஷன் வாயால சொல்லிட்டாரு. அதுக்கு மேல எழுதிக் குடுன்னு கேட்டா மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கிறது?"

"மூஞ்சி எங்கயும் போகாதுப்பா."

"உனக்குத் தெரியாது. போ."

அவளுக்குத் தெரியும். இடிபட்ட ஒவ்வொரு வண்டிக்கும் கையெழுத்து இல்லாமல் ஒரு பைசா நகராது என்று தினமும் நாற்பது பேரிடம் தொலைபேசியில் கத்துகிறவள் அவள். அப்படியும் திரும்பிப் போய்க் கேட்கவில்லை. ஏன் போகவில்லை என்பதை அன்றைக்கும் யோசித்தாள், பிறகும் யோசித்தாள். டாக்டரின் சிரிப்பு ஒரு காரணம். அப்பாவின் முகம் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது, அது பிடிபடவில்லை.

முறைப்படி சாவி தரகரிடம்தான் இருக்க வேண்டும். தினம் மூன்று மாடி ஏறி இறங்க அவருக்கு முடியவில்லை. "அளவு கிளவு எடுக்கணும்னா நீங்களே வச்சுக்கங்க" என்று அம்மாவின் கையில் போட்டுவிட்டார். அங்கே பிடித்தது சனி.

வங்கி இழுத்தது. ஆபீஸரின் சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள், போதாது என்றார்கள். அப்பாவின் சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். பெயிண்டருக்கு எவன் சீட்டுக் கொடுக்கிறான்? கையிலும் காதிலும் ஒட்டியிருக்கிற வெள்ளைதான் அவருக்குச் சீட்டு. வங்கி மேனேஜர் அதைப் பார்க்கவும் செய்தார், பார்த்துவிட்டு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க. அடுத்த வாரமும் பார்க்கலாம்தான்.

அந்தக் காத்திருப்பில்தான் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டோடு கிளம்பினாள்.

"எங்கம்மா?"

"அடுப்படிய மட்டும் ஊறப் போட்டுட்டு வந்துர்றேன். நாம குடி போற அன்னிக்குப் போட்டா ஊறாது."

"இன்னும் நம்ம வீடு ஆகல."

"ஆகத்தானே போகுது?"

அப்பாவும் சுரண்டியை எடுத்துப் பையில் போட்டார். சும்மா, உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க மட்டும்.

மட்டும் மட்டும் என்று சொல்லியே மூன்று ஞாயிறு ஓடியது. அம்மா ஆசிட் ஊற்றி, மண்டியிட்டு, புறா எச்சத்தைப் பிளேடால் சீவி எடுத்தாள். சீவச் சீவ, அடியிலிருந்து கடல் நீலத்தில் ஒரு தரை வந்தது. "ஏங்க, இங்க வந்து பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அப்பா ஏணியிலிருந்து விழப் பார்த்தார். தரையில் நீலம் இருக்கும் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. ஆபீஸர் முதல் வாரம் திட்டுவதற்குத்தான் போனாள். இரண்டாம் வாரம் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனாள். உப்புத்தாளை அவள் கையில் கொடுத்து, "வட்டமா தேய்க்காத, மேலயும் கீழயும் தேய்" என்றார் அப்பா. சிறுவயதில் அவள் அந்தத் தாளைத் தொட்டாலே பிடுங்கி வைத்துவிட்டு, போய்ப் படி என்று விரட்டியவர் அவர்.

மத்தியானம் வெறும் தரையில் செய்தித்தாள் விரித்து, பேக்கரியில் வாங்கிய நேற்றைய ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றார்கள். பிளாஸ்க் டீயில் பெயிண்ட் வாடை அடித்தது. வெளியே மழை பிடித்தது. குளியலறையில் அப்பா மாட்டியிருந்த புது ஜன்னல் கண்ணாடியில் மழை ஓடுவதை மூன்று பேரும் டீவி பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"ஆபீஸருக்கு எந்த ரூம்?" என்றார் அப்பா.

"இருக்கிறதே ஒரு ரூம்தானப்பா."

"அப்ப அது ஆபீஸருக்கு. நாங்க ஹால்ல."

"ஹால்ல நான் படுக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "இவரு கொறட்டை சுவத்துல பட்டு ரெண்டா வரும். நான் அடுப்படியில படுத்துக்கிறேன்."

"ஆமா, நீ மட்டும் பாட்டா பாடுற தூக்கத்துல?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காலி வீட்டில் பட்டு உண்மையிலேயே இரண்டாகத்தான் வந்தது.

நான்காவது ஞாயிறு, கடைசிக் கோட் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மாப்பைப் பிழிந்து தரையைத் துடைத்து முடிக்கும் நேரம், கதவு தானாகத் திறந்தது. தரகர். அவருக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும். இருவரும் இளம் வயது. வெயில் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்த அந்தப் பெண், வாசலிலேயே நின்று "அய்யோ, எவ்வளவு வெளிச்சம்!" என்றாள்.

தரகருக்கு ஆஸ்துமா போயிருந்தது. நேராக ஹாலின் நடுவுக்கு வந்தார்.

"வீடு எப்படி வச்சிருக்காங்க பாத்தீங்களா சார்? கண்ணாடி மாதிரி."

அம்மா மாப்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தானும் சுவரோரம் ஒதுங்கினாள். "ஈரமா இருக்கு, பாத்து வாங்க" என்றாள். அப்பா ஏணியை மடக்கி வழிவிட்டார். ஆபீஸருக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லட்டும், இது நாங்கள் வாங்குகிற வீடு என்று இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் சொல்லட்டும் என்று நின்றாள். யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் அடுப்படியைப் பார்த்தாள், குளியலறையில் நீலத் தரையைப் பார்த்து மறுபடி ஒரு அய்யோ போட்டாள், அறையை எட்டிப் பார்த்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் ஆபீஸர் தன்னையே பார்த்தாள். கையில் அழுக்குத் தண்ணீர் பக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் போவதற்கு வழிவிட்டு, அவளும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏம்மா ஒதுங்கின?" என்று கத்தினாள்.

"தரை ஈரம்டி. வழுக்கி விழுந்தா?"

"விழட்டுமே!"

"யாரு வந்தாலும் ஒதுங்கித்தானடி பழக்கம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளும் குழம்பிப்போய், மாப்பை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மறுநாள் பல் டாக்டர் முன்னறையில் உட்கார வைத்தே பேசினார்.

"நானும் போய்ப் பாத்தேன். பிரமாதமா பண்ணியிருக்கீங்க. என் வீடான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அவங்க ஒரு விலை சொல்றாங்க. நீங்களும் அதையே குடுத்தீங்கன்னா, சத்தியமா உங்களுக்குத்தான். முதல்ல வந்தவங்க நீங்க."

அவர் சொன்ன விலை பழைய விலைக்கு வெகு மேலே இருந்தது.

"டாக்டர், சுத்தம் பண்ணினது நாங்க" என்றாள் ஆபீஸர். "எங்க வேலைக்கு எங்ககிட்டயே விலை ஏத்துவீங்களா?"

"நான் பண்ணச் சொன்னேனாம்மா?"

"இல்ல."

"யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் பண்ணினீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அதுதான் அவளை அதிகமாகக் குழப்பியது. அயோக்கியன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். இவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். உங்கள் உழைப்பை நான் சும்மா எடுத்துக்கொள்ள மாட்டேன், வீடு வேண்டாம் என்றால் கூலியும் பெயிண்ட் செலவும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன் என்றார். நாளை சாயங்காலம் அவர்கள் மறுபடி வீட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போகிறார்கள், அதற்குள் சொன்னால் போதும் என்றார். வங்கியில் தனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், லோனைக் கூட்டித் தரச் சொல்வதாகவும் சொன்னார். எல்லாம் நல்ல மனுஷன் பேச்சு. கூட்டிக் கழித்தால் கழுத்தறுப்பு.

ராத்திரிச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. பேக்கரி அடுப்பு சுவருக்கு அந்தப் பக்கம் உறுமியது.

"கூலிய வாங்கிக்கலாம்" என்றார் அப்பா. "பெயிண்ட் காசாவது திரும்பும்."

"வாங்கினா நாம வேலைக்காரங்கன்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரிப்பா."

"வேலைக்காரங்கதானே? நான் பெயிண்டர். உங்கம்மா வீடு கழுவுறவ. இதுல என்ன அசிங்கம்?"

"அசிங்கம்னு நான் சொன்னேனா?"

"மூஞ்சி சொல்லுது."

"அப்ப அந்த வெலைக்கே வாங்கிடலாமா?"

"உன் தலையில விழுற லோனு. நான் எப்படி வாங்குன்னு சொல்லுவேன்? முப்பது வருஷம் நீ கட்டணும். கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்கு."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும், எல்லாத்துக்கும் எல்லாத்தோடயும் சம்பந்தம் இருக்கு."

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லும்மா" என்றாள் ஆபீஸர். "நீதானே பக்கெட்ட முதல்ல தூக்கின?"

"ஆமா, நான்தான்" என்றாள் அம்மா. "அழுக்கா இருந்தப்ப அது யாரோட வீடோ மாதிரி இருந்துச்சு. தேய்க்கத் தேய்க்க நம்மது மாதிரி ஆச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்ப வாங்கணுமா வேண்டாமான்னா, எனக்குச் சொல்லத் தெரியல. நீ படிச்சவ. நீயே பாரு."

படித்தவளாம். எந்தப் பாடத்தில் இது இருந்தது? வாங்காவிட்டால், இந்த மாதக் கடைசியில் இன்னொரு தம்பி உள்ள இன்னொரு வீடு. வாங்கினால், தன் அம்மா தேய்த்ததற்குத் தான் முப்பது வருஷம் வட்டி கட்ட வேண்டும். இரண்டில் எது ஏமாளித்தனம் என்று அவள் விடிய விடியப் புரண்டாள். இரண்டுமே ஏமாளித்தனமாகத் தெரிந்தது. விடியும்போது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. எங்களுக்கு இல்லை என்றால் அந்த வீடு பழையபடி நாறட்டும்.

மறுநாள் அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே அங்கே போனாள். வழியில் மழைச் சேறு. வேண்டுமென்றே அதில் மிதித்து நடந்தாள். மூன்று மாடியும் தடம் பதித்து ஏறி, கதவைத் திறந்து, ஹாலில் நின்றாள். ஜன்னல் வழியாக வெளிச்சம் சுவரில் சாய்ந்திருந்தது. அப்பாவின் கடைசிக் கோட், ஒரு கோடு இல்லாமல், பால் மாதிரி. அவள் ஒற்றைக் காலைத் தூக்கி, இடுப்பு உயரத்துக்குச் சுவரில் ஓங்கி ஒரு உதை வைத்தாள்.

செருப்புத் தடம் முழுசாகப் பதிந்தது. குதிகால், விரல், நடுவில் கம்பெனிப் பேர்கூட.

அடுத்த உதைக்குத் தூக்கிய கால் அப்படியே நின்றது. குழந்தையை அடித்தது மாதிரி இருந்தது. சீச்சீ என்று ஓடிப் போய் அடுப்படியிலிருந்து ஈரத்துணியை எடுத்துவந்து துடைத்தாள். அது போகிற கறையா? புதுப் பெயிண்டில் சேறு. தேய்க்கத் தேய்க்கத் தடம் கலைந்து, சாம்பல் நிறத்தில் முறம் அளவுக்குப் பரவியது. அவள் அழுதுகொண்டே மேலும் கீழுமாகத் தேய்த்தாள். எதற்குத் தேய்க்கிறோம் என்று ஒரு பக்கம் மண்டை கேட்டது. கை நிற்கவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. தரகர் குரல் முதலில் வந்தது, பிறகு அந்தக் கணவனும் மனைவியும்.

"அடடே, இன்னிக்கும் வேலை நடக்குதா? நல்லது நல்லது" என்றார் தரகர். அவள் கழுத்தில் தொங்கிய அட்டை அவர் கண்ணில் படவில்லை. கையிலிருந்த துணிதான் பட்டது.

அந்தப் பெண் சிநேகமாகச் சிரித்தாள். "நீங்க தானே அன்னிக்கும் இருந்தீங்க? ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. நாங்க குடி வந்தப்புறமும் வரீங்களா? நீங்களோ உங்கம்மாவோ. வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும்."

"நான் வேலைக்கு வரல" என்றாள் ஆபீஸர். "இந்த வீட்ட வாங்க வந்தவ."

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. கணவனைப் பார்த்தாள், தரகரைப் பார்த்தாள். தரகர் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"அப்ப எதுக்குத் தொடைக்கிறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் கேட்ட அதே கேள்வி. இவளும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது புரியவில்லை, அவ்வளவுதான். ஆபீஸர் துணியைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையோடு பையைத் துழாவி போனை எடுத்தாள்.

"டாக்டர், நான்தான். நீங்க சொன்ன வெலைக்கு நாங்களே எடுத்துக்கிறோம்… ஆமா… இல்ல டாக்டர், வாய்ப்பேச்சு வேண்டாம். இப்ப வரேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு வைங்க."

கணவன் தரகரைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுவென்று பேசினான். அந்தப் பெண் போவதற்கு முன் குளியலறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. அவர்களும் எந்தத் தம்பிக்காகக் காலிசெய்கிறார்களோ. படியில் இறங்கிய தரகர், பாதியில் நின்று மேலே பார்த்துச் சொன்னார்: "மேடம், அடுத்த தடவ வீடு வாங்கினா, பத்திரம் முடியற வரைக்கும் குப்பையாவே போட்டு வைங்க."

முதல்முறையாக மேடம்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் வேறு யாருடைய வீட்டிலோ தண்ணீர் விழும் சத்தம்.

"எடுத்தாச்சும்மா."

"எந்த வெலைக்கு?"

"கூட்டின வெலைக்குத்தான்."

தண்ணீர் நின்றது. "அய்யோ" என்றாள் அம்மா. பிறகு, "சரி" என்றாள். தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது. "தப்பு பண்ணிட்டோமாடி?" என்றாள்.

"தெரியலம்மா."

"நீ எங்க இருக்க?"

"வீட்டுல."

எந்த வீடு என்று அம்மா கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்தாள். சாம்பல் கறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு கோட் அடித்தால் போய்விடும். கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் எடுக்காமல் நிமிர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், சேற்றுக் காலோடு ஹாலைக் கடந்து, கதவைப் பூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள். கிடந்துவிட்டுப் போகட்டும். இனி யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?